வெள்ளைச் சளி

விஸ்வநத்தம் இருளம்மாள் இதுவரை சுற்றிய காகிதக் குழாய்களை ஒன்றோடொன்று முட்டவைத்துத் தரையில் அடுக்கினால், அந்த வரிசை சிவகாசியைத் தாண்டி, விருதுநகர் சந்திப்பில் ரயிலுக்கு வழிவிட்டு, மதுரையில் ஒரு டீ குடித்துவிட்டு, நேராக இமயமலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். சரி, இமயமலை கொஞ்சம் கூடுதல்தான். சென்னையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குக் கீழே ஒரு சாண் கூடக் குறைக்க முடியாது. இருபத்தாறு வருஷமாகச் சுற்றிய கை அது.

ராக்கெட் பட்டாசுக்கு உடம்பாக இருப்பது இந்தக் குழாய்தான். பழுப்புத் தாளைக் கம்பியில் வைத்து ஓர் உருட்டு, விளிம்பில் மைதாப் பசை, இன்னோர் உருட்டு, கம்பியை உருவினால் குழாய். மற்றவர்கள் பத்து சுற்றுவதற்குள் இருளம்மாள் இருபது சுற்றிவிடுவாள். அவளுக்குப் பக்கத்தில் உட்காரவே ஷெட்டில் உள்ள பெண்கள் யோசிப்பார்கள். "இவ பக்கத்துல இருந்தா நாம தூங்குற மாதிரியே தெரியுதுடி" என்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கை அடங்காது; பேசிக்கொண்டே முந்தானை நுனியைக் குழாயாக உருட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் புருஷன் சோணைமுத்துவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அவன் இருந்தது பவுடர் அறை. அலுமினியத் தூளைச் சலித்துக் கலக்கும் இடம். சாயங்காலம் அவன் தெருவில் நடந்து வரும்போது, வெள்ளிக் கவசம் சாத்திய சாமி கோயிலை விட்டு இறங்கி வருவது போலிருக்கும். அந்தச் சாமிக்கு முதுகு தேய்த்துவிடுவது இருளம்மாளின் பொறுப்பு. நாலு வாளி தண்ணீர் ஊற்றினாலும் காது மடலிலும் நகக்கண்ணிலும் வெள்ளி மிச்சமிருக்கும். இருமித் துப்பினால் அதிலும் மினுங்கும். நெஞ்சில் தங்கிய தூள் இறங்குவதற்கென்று பவுடர் அறை ஆட்கள் வேலை முடிந்ததும் ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு கருப்பட்டியும் தின்பார்கள். தூள் இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. பழக்கடைக்காரர் மாடி ஏறியதைத்தான் ஊர் பார்த்தது.

அந்தத் தெருவில் சளியைப் பார்த்துப் பலன் சொல்ல ஒரு தனிச் சாத்திரமே இருந்தது. வெள்ளையாக வந்தால் அது பனி, பசை, தாள் தூசி, பயப்பட ஒன்றுமில்லை. ஈயம் போலச் சாம்பலாக வந்தால் நெஞ்சு கெட்டுவிட்டது, ஆள் தேறமாட்டான். இந்தச் சாத்திரம் பிறந்தது கருப்பணனால். சோணைமுத்துவோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன். ஒருநாள் கம்பெனிச் சுவரோரம் அவன் துப்பியதை போர்மேன் ஊர்க்காவலன் பார்த்துவிட்டான். "கொஞ்ச நாள் வீட்டுல இருந்துட்டு வாங்கண்ணே" என்று அனுப்பினார்கள். கருப்பணன் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு அவன் உயிரோடு இல்லை. என்ன நோய் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சளியின் நிறத்தை மட்டும் ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது.

ஊர் அப்படியே இருந்துவிட்டது என்று சொன்னால் அது அநியாயம். இருளம்மாள் தன் முதல் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே பெற்று மூன்றாம் நாள் பறிகொடுத்தவள். அன்றைக்கு அவள் பக்கத்தில் தாய் இல்லை. செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இன்றைக்கு அதே தெருவில் வீட்டுப் பிரசவம் என்றால் பிள்ளைகள் சிரிக்கும். வலி எடுத்தால் போன், போன் போட்டால் வண்டி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. கொண்டு வருகிறவள் வேல்விழி. அதே தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து சுகாதாரப் பணியாளர் ஆனவள். பிரஷர் மிஷின், சர்க்கரை பார்க்கும் மிஷின், மாத்திரை, நோட்டு எல்லாம் அடைத்த அவளுடைய தோள்பை தவறிக் காலில் விழுந்தால் அதற்கே தனியாக ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். முந்நூறு வீட்டின் பிரஷரும் அவளுக்கு மனப்பாடம். இருளம்மாளை அத்தை என்பாள், சோணைமுத்துவை மாமா என்பாள். பெரியவர்கள் மாத்திரையைத் துப்பினால் மட்டும் எந்த முறையும் பார்க்கமாட்டாள்.

அந்த வருஷம் சித்திரையில் பவுடர் அறை ஆட்களுக்கெல்லாம் சளி பரிசோதனை என்று ஏற்பாடாயிற்று. வேல்விழி முதல்நாள் சாயங்காலமே வீடு வீடாகப் போய், பெயர் ஒட்டிய சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தாள்.

"மாமா, காலையில எந்திரிச்சதும் வெறும் தண்ணில வாயக் கொப்பளிச்சிட்டு, நெஞ்சுக்குள்ள இருந்து இருமி இதுல துப்பணும். எச்சி வேண்டாம். சளி வேணும்."

"அது என்ன, வீட்டுக்கு வீடு பால் வாங்குற மாதிரி சளி வாங்குறீக?" என்றாள் இருளம்மாள்.

"பாலுன்னா தண்ணி ஊத்திருவீகன்னுதான் அத்தை சளி கேக்குறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள் வேல்விழி.

மறுநாள் விடிந்ததும் சோணைமுத்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் நின்றான். ஒரு தரம் தரையில் துப்பிப் பார்த்தான். ஈயம்தான். மண்ணைத் தள்ளி அதை மூடினான். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டான்.

"ஏ புள்ள, இங்கன வா."

"என்னங்க?"

"இதுல நீ துப்பு."

"நானா? எம்பேரா ஒட்டியிருக்கு?"

"உன்னோடது வெள்ளையா வருதுல்ல. என்னோடதப் பாத்தா இன்னைக்கே வாசலக் காட்டிருவானுக. கருப்பணன் கத மறந்து போச்சா?"

இருளம்மாளுக்குத் தை மாசத்திலிருந்தே இருமல். சாயங்காலமானால் உடம்பு லேசாகக் கொதிக்கும். தாள் தூசி என்று அவளே முடிவு செய்து, அவளே கஷாயம் வைத்து, அவளே குடித்துக்கொண்டிருந்தாள். சளி வெள்ளை. அதனால் பயமில்லை.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்கிட்ட நீங்க வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். அதுவும் சளி."

"சத்தம் போடாத. துப்புறியா இல்லையா?"

"துப்புறேன், துப்புறேன். மூடிய நல்லாத் திருகுங்க, சிந்திறாம."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் வந்த இருமலே டப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது.

நாலாம் நாள் காலை வேல்விழி வந்தாள். மூக்கையும் வாயையும் மாஸ்க் மூடியிருந்தது. உள்ளே வராமல் நிலைப்படியருகே நின்றாள். எப்போதும் தெருமுனையிலிருந்தே கேட்கும் அவளுடைய குரல் அன்றைக்குத் தணிந்திருந்தது.

"மாமா, பயப்படாதீக. டெஸ்டுல டிபி இருக்குன்னு வந்திருக்கு. இப்ப நல்ல மாத்திரை இருக்கு. ஆறு மாசம், ஒரு நாள் விடாமச் சாப்பிட்டா முழுசாச் சரியாயிரும்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இருளம்மாளின் கை நின்றது. வேல்விழி சோணைமுத்துவைப் பார்த்துத்தான் சொன்னாள். வந்து விழுந்தது இருளம்மாள் மேல். தன் நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்திருப்பதை மூன்றாம் ஆள் வந்து சொன்னது போலிருந்தது. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேல்விழி தெருமுனை திரும்பியதும் சோணைமுத்து சட்டையை எடுத்து மாட்டினான்.

"போய்ச் சொல்லிட்டு வந்திர்றேன். டப்பா மாறிப் போச்சுன்னு."

"உக்காருங்க."

"என்னடி உக்காருங்க? உன் உசுருல்ல?"

"உக்காருங்கன்னேன்ல."

மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்த மகள் ஓவியாவுக்கு அது ஐந்தாம் மாசம். புரட்டாசியில் பிரசவம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரவேண்டும். ஓவியா பிறந்த நாளிலிருந்து இருளம்மாள் மனசுக்குள் முடிந்து வைத்திருந்தது அந்த ஒன்றைத்தான்: தனக்கு இல்லாமல் போனது மகளுக்கு இருக்கவேண்டும், வலி எடுக்கும்போது பக்கத்தில் தாய் நிற்கவேண்டும்.

"தாய்க்கு டிபின்னு தெரிஞ்சா அவ மாமியார் அனுப்புவாளா? இந்தத் தெருப் பக்கம் தலை வச்சுப் படுக்க விடமாட்டா. அப்பனுக்குன்னா பரவாயில்ல, பின்னால தகரச் செட்டுல படுக்க வச்சிருக்கோம்னு சொல்லிக்கிரலாம். எனக்குன்னா பச்சப்புள்ளைய யாரு தூக்குறது? யாரு குளிப்பாட்டுறது?"

"அதுக்காக?"

"இன்னும் அஞ்சாறு மாசம் இருக்கு. மாத்திரைய நான் தின்னா அதுக்குள்ள சரியாயிரும். வேல்விழியே சொன்னாள்ல. நீங்க சீக்காளியா இருங்க. நான் அவளுக்கு அம்மாவா இருந்துக்கிறேன்."

சோணைமுத்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவன் அவளிடம் எந்த வாதத்திலும் ஜெயித்தது கிடையாது.

மாத்திரை வந்தது. அவன் எடைக்கு நாளைக்கு நாலு. செங்கல் கலரில் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை பெரிசு. அவள் நாலையும் தானே விழுங்குவது என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் வேல்விழி முதல் சில வாரம் தினமும் காலையில் வந்து எதிரே நின்று விழுங்க வைப்பாள் என்று தெரிந்ததும் பேச்சு மாறியது. அதோடு சோணைமுத்துவுக்கும் ஒரு பயம் வந்திருந்தது. அவனுக்கும்தானே இருமல்.

"எனக்கும் இருந்துச்சுன்னா?" என்றான்.

அந்த வீட்டில் பொட்டலமாக எது வந்தாலும் இரண்டாகப் பிய்ப்பதுதான் வழக்கம். வடை, வாழைப்பழம், தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த ஸ்வீட் பாக்ஸ். மாத்திரையையும் அப்படியே பிரித்தார்கள். உனக்கு இரண்டு, எனக்கு இரண்டு. யாருக்கும் குறை வைக்காத பங்கீடு. வயிற்றுக்கு அது சரியாக வரும். நோய்க்கிருமிக்கு அரை அடி போட்டால் அது சாகாது, அடி வாங்கப் பழகிக்கொள்ளும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளிடமிருந்துதான் அதை மறைத்தார்கள்.

வேல்விழி எதிரே நிற்பாள். சோணைமுத்து உள்ளங்கையை விரித்து நாலையும் காட்டுவான். தலையைப் பின்னால் சாய்த்து வாயில் போடுவான். இரண்டு தொண்டைக்குள் போகும், இரண்டு விரலிடுக்கில் நிற்கும். இருபது வருஷமாகத் தூளைச் சிந்தாமல் கையாண்ட விரல்கள். "சிறுநீர் ஆரஞ்சுக் கலருல போகுதா மாமா?" என்று கேட்பாள். போகும். அவனுக்கும் போயிற்று, அவளுக்கும் போயிற்று. பிறகு வேல்விழி வருவது குறைந்து போன் வந்தது. மாத்திரை அட்டையைப் பிரித்தால் உள்ளே ஓர் எண் இருக்கும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைக்கு மாத்திரை உள்ளே போயிற்று என்று பதிவாகிவிடும். எந்த வாய்க்குள் போனது என்று போனுக்குத் தெரியாது. சோணைமுத்து ஒருநாள் கூட மிஸ்டு கால் கொடுக்கத் தவறவில்லை.

கம்பெனியில் ஊர்க்காவலன் நல்ல வார்த்தைதான் சொன்னான். "சரியாயிட்டு வாங்கண்ணே. உங்க எடம் எங்க போயிறப்போகுது?" டீக்கடையில்தான் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், சோணைமுத்துவுக்கு மட்டும் பேப்பர் கப். அவன் குடித்துவிட்டு, அதைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவான். கண்ட இடத்தில் போட்டால் அதற்கும் பேச்சு வரும். இன்னொருத்தியின் நோய்க்கான அவமானத்தை அந்த மனிதன் தினமும் இரண்டு வேளை குடித்தான். வீட்டுக்கு வந்து அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. துவைக்கும்போது சட்டைப்பையில் கசங்கிய கப்பை எடுத்துத்தான் இருளம்மாளுக்குத் தெரியும். அவளும் கேட்டதில்லை.

வைகாசியில் வேல்விழி இன்னொரு டப்பாவோடு வந்தாள். இந்தத் தடவை அதில் இருளம்மாளின் பெயர்.

"வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா எல்லாருக்கும் பாக்கணும் அத்தை. அதுதான் வழக்கம்."

அதற்குள் சோணைமுத்து பவுடர் அறையை விட்டு ஒரு மாசத்துக்கு மேலாகியிருந்தது. அவன் சளியில் ஈயம் போய் வெள்ளை வந்திருந்தது. மறுநாள் காலை கொல்லைப்புறத்தில் அதே இடத்தில் அவன் நின்றான். இந்த முறை யாரும் யாரையும் கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. அவன் துப்பினான், அவள் மூடியைத் திருகினாள். முடிவில் ஒன்றுமில்லை என்று வந்தது. வேல்விழி நோட்டில் இருளம்மாள் பெயருக்கு எதிரே ஒரு சரி போட்டாள். நெஞ்சுக்கு எக்ஸ்ரேயும் எடுக்கவேண்டும், சிவகாசிக்கு வாருங்கள் என்று மூன்று முறை கூப்பிட்டாள். "சீசன் லோடு ஏறிக்கிட்டிருக்குடி, முடியட்டும்" என்று மூன்று முறையும் இருளம்மாள் தட்டிவிட்டாள்.

இதில் கொடுமை, அவளுக்கு உடம்பு தேறியதுதான். இரண்டாம் மாசத்தில் காய்ச்சல் நின்றது. இருமல் அடங்கியது. சோறு இறங்கியது. ரவிக்கை பிடிக்க ஆரம்பித்தது. "பாத்தீகளா?" என்று புருஷனிடம் கையைக் காட்டினாள். ஆவணியில் ஓவியா வளைகாப்பு முடிந்து வந்து இறங்கினாள். மாமியார்க்காரி கூடவே வந்து, சோணைமுத்து படுக்கும் தகரச் செட்டு எங்கே இருக்கிறது, வீட்டுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளந்து பார்த்துவிட்டு, "சம்பந்தி, உங்கள நம்பித்தான் விடுறேன்" என்று இருளம்மாளின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் ஓவியாவுக்கு வலி எடுத்தது. வேல்விழி போன் போட்டாள். வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் இருளம்மாள் மகளின் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். பெண் குழந்தை, மூன்று கிலோ. வீட்டுக்கு வந்த பிறகு குளிப்பாட்டியது, சாம்பிராணி போட்டது, காலில் போட்டு உறங்க வைத்தது எல்லாம் அவள்தான். பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் முந்தானையை வாயோடு சேர்த்துச் சுற்றிக்கொள்வாள்.

"என்னம்மா, மூஞ்சிய மூடிக்கிட்டுப் புள்ளையக் கொஞ்சுற?" என்றாள் ஓவியா.

"தாள் தூசிடி. பச்சப்புள்ளைக்கு ஆகாது."

பிள்ளை அந்த முந்தானையைப் பிடித்து இழுத்து விளையாடக் கற்றுக்கொண்டது. சில நேரம் அவள் அதைத் திரும்ப மூடினாள். சில நேரம் பிள்ளை தன் முகத்தைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் ஆறு மாச மாத்திரை முடிந்தது. சோணைமுத்து கடைசிப் பரிசோதனைக்குத் தன் சளியையே கொடுத்தான்; ஒன்றுமில்லை. ஊராட்சி அலுவலகத்தில் சின்னக் கூட்டம் போட்டு வேல்விழிக்குச் சால்வை போர்த்தினார்கள். அவள் பொறுப்பில் இருந்த நோயாளிகளில் மாத்திரையைப் பாதியில் விட்டவர் ஒருவர் கூட இல்லை. சோணைமுத்துவை மேடையேற்றி, குணமானவர் என்று கைதட்டினார்கள். அவன் தலை குனிந்து நின்றான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து இருளம்மாளும் தட்டினாள். நடுவில் ஒரு இருமல் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அந்த இருமல் பிறகு அவளை விட்டுப் போகவில்லை. மார்கழியில் காய்ச்சலும் வந்து சேர்ந்தது. தையில் ஓவியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மல்லாங்கிணற்றுக்குக் கிளம்பும்போது, வாசலில் நின்று கையாட்டக்கூட மூச்சு போதவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாசியில் ஒருநாள் ஷெட்டில் குழாய் சுற்றிக்கொண்டிருந்தபோது இருமி, கையிலிருந்த பழுப்புத் தாளில் பார்த்தாள். வெள்ளையும் இல்லை, ஈயமும் இல்லை. சிவப்பு. ஊர்ச் சாத்திரத்தில் அதற்குப் பலன் எழுதப்படவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். கறை உள்பக்கம் போகும்படி தாளைக் கம்பியில் வைத்து உருட்டிப் பசை போட்டு, மற்றக் குழாய்களோடு அடுக்கிவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் மற்றவர்களைவிடக் குறைவாகச் சுற்றியது. பக்கத்தில் இருந்தவள் கேலி செய்தாள்: "என்ன இருளு, இன்னைக்கு எங்களுக்கும் பொழப்பு இருக்கட்டும்னு விட்டுட்டியா?"

பிடித்தது வேல்விழிதான். மாசாமாசம் பிரஷர் பார்க்க வந்தவள், இருளம்மாளின் கையில் பட்டையைச் சுற்றினாள். சுற்றினாள், இன்னும் சுற்றினாள். பட்டை தொளதொளவென்று நின்றது.

"அத்தை, போன தடவை வர்றப்ப உங்க கை இப்படியா இருந்துச்சு?"

"வயசாகுதுல்ல தாயி."

வேல்விழி பட்டையைக் கழற்றினாள். அவளே டப்பாவில் துப்ப வைத்து, அவளே எதிரே நின்று மூடியைத் திருகி எடுத்துப் போனாள். மூன்றாம் நாள், டிபி இருக்கிறது என்று அவளிடமிருந்து போன் வந்தது. அன்றைக்கே ஓவியாவும் மல்லாங்கிணற்றிலிருந்து கூப்பிட்டாள். பிள்ளைக்கு ரெண்டு வாரமாகச் சளி, காய்ச்சல், எடை ஏறவே மாட்டேன் என்கிறது என்று. வேல்விழி இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடச் சொன்னாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சில் ஓவியா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாசப் பிள்ளை, மூன்று மாசம் போலிருந்தது. தாயைப் பார்த்ததும் எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே உட்கார்ந்து பிள்ளையின் முகத்தைத் தன் தோளோடு திருப்பி வைத்துக்கொண்டாள். இருளம்மாள் அதைப் பார்த்தாள். மாஸ்க்கை மேலே இழுத்து விட்டுக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள்.

டாக்டர் யோகேஸ்வரி சின்னப் பெண். ஓவியாவைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இருளம்மாள் பக்கம் திரும்பினாள். வேல்விழி பக்கத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோணைமுத்து கதவோரம், பாதி உள்ளே பாதி வெளியே.

"பாட்டிம்மா, நான் ஒண்ணு கேக்குறேன். யோசிச்சுப் பதில் சொல்லணும். இதுக்கு முன்னால எப்பவாவது டிபி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா? கொஞ்ச நாள் சாப்பிட்டு விட்டிருந்தாலும் சொல்லுங்க."

இருளம்மாள் கதவைப் பார்த்தாள். அதன் நடுவே பதித்திருந்த கண்ணாடி வழியாக ஓவியாவின் முதுகு தெரிந்தது. இன்றைக்கு ஒரு சொல் சொன்னால், சால்வை போர்த்திய வேல்விழிக்கு என்ன பெயர்? மேடையில் நின்ற புருஷனுக்கு என்ன பெயர்? நம்பி விட்டுப்போன சம்பந்தியின் முன்னால் மகளுக்கு என்ன பெயர்? தனக்கு ஆகவேண்டியது எதுவும் இனி இல்லை. பிள்ளைப்பேறு பார்த்தாயிற்று.

"இல்ல தாயி. ஒரு மாத்திரை கூட."

டாக்டர் எழுதவில்லை. பேனாவை மேசையில் வைத்தாள்.

"ஏன் கேக்குறேன்னா, முன்னாடி சாப்பிட்டு அரைகுறையா விட்டிருந்தா, சாதாரண மாத்திரைக்கு அது கேக்காமப் போயிருக்கலாம். வேற மருந்து, வேற கணக்கு. அதுக்குத் தனி டெஸ்ட் அனுப்புறேன், முடிவு வர நாளாகும். வெளியில இருக்குற குழந்தைக்கு இன்னைக்கே எதை ஆரம்பிக்கிறதுன்னு நான் முடிவு பண்ணியாகணும். உங்ககிட்ட இருக்குறதுதான் அதுக்கிட்டயும் இருக்கும். தப்பான மருந்து கொடுத்தா சின்ன உடம்பு தாங்காது. அதனாலதான் கேக்குறேன்."

இருளம்மாளின் விரல்கள் முந்தானை நுனியை உருட்ட ஆரம்பித்தன. வாய் திறந்தது. இருமல்தான் வந்தது.

அவளுக்குப் பதிலாக வேல்விழி பேசினாள். குரலில் பழைய உறுதி இருந்தது.

"மேடம், இவங்களுக்கு இல்ல, இவங்க வீட்டுக்காரருக்குத்தான் போன வருஷம் இருந்துச்சு. அவரு கோர்ஸை முழுசா முடிச்சவரு. நூத்தி அறுபத்தெட்டு நாளு, ஒரு நாள் கூட விடல. எல்லாம் என்கிட்டப் பதிவு இருக்கு."

கதவோரம் நின்றவன் உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. வேல்விழியின் நோட்டை மட்டும் பார்த்துச் சொன்னான்.

"முழுசா இல்ல தாயி. பாதி. நாலுல ரெண்டு நான் தின்னேன், ரெண்டு இவ தின்னா. அந்த மொத டப்பாவுல இருந்ததும் இவளோடதுதான்."